வாரிசு இல்லாத வாரிசு

24 ஆண்டுகள் ஒடிசாவை ஆண்ட நவீன் பட்நாயக்கின் எழுச்சியும் சரிவும்

2024 ஜூன் 18. புவனேஸ்வரில் ஒடிசா சட்டமன்றத்தின் புதிய உறுப்பினர்கள் பதவியேற்றுக்கொண்டிருந்தார்கள். வெள்ளைக் குர்தாவும் பைஜாமாவும் அணிந்த 77 வயது முதியவர் ஒருவர் உறுதிமொழி எடுத்துவிட்டு இருக்கைகளைக் கடந்து போனார். பாரதிய ஜனதா வரிசையில் ஒருவர் எழுந்து நின்று கும்பிட்டார். யாரென்று தெரிந்ததும் முதியவர் நின்றார். என்னைத் தோற்கடித்தவர் நீங்கள்தானா என்ற பொருளில் ஏதோ சொல்லிவிட்டு நகர்ந்தார்.

முதியவர் நவீன் பட்நாயக். கும்பிட்டவர் லட்சுமண் பாக். காந்தாபாஞ்சி தொகுதியில் நவீனை 16,000-க்கும் அதிகமான வாக்குகளில் வென்றவர். ஒரு காலத்தில் லாரி உதவியாளராகவும் கூலித் தொழிலாளியாகவும் வேலை பார்த்தவர். காந்தாபாஞ்சி இருக்கும் பலாங்கீர் மாவட்டத்திலிருந்துதான் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் தெலங்கானாவுக்கும் தமிழ்நாட்டுக்கும் செங்கல் சூளை வேலைக்கு ரயிலேறுகின்றன. இரண்டாவது தொகுதியாக நின்ற சொந்தத் தொகுதி ஹிஞ்ஜிலி கைகொடுத்ததால்தான் நவீன் அன்று அவையிலேயே இருந்தார். அங்கேயும் வித்தியாசம் 5,000-ஐத் தொடவில்லை.

2000 மார்ச் 5 முதல் 2024 ஜூன் வரை தொடர்ந்து முதல்வராக இருந்தவர் அவர். 23 ஆண்டுகளுக்கு மேல் மேற்கு வங்கத்தை ஆண்ட ஜோதி பாசுவை 2023 ஜூலையில் முந்தினார். சிக்கிமின் பவன் குமார் சாம்லிங்கை முந்த இரண்டு மாதங்களுக்குச் சற்று அதிகமான காலம்தான் பாக்கி இருந்தது.

விமானி வீடு

தந்தை பிஜு பட்நாயக் இல்லாமல் இந்தக் கதை இல்லை. கட்டாக்கில் 1916-ல் பிறந்த பிஜு முதலில் விமானி, பிறகு தொழிலதிபர், அதற்கும் பிறகுதான் அரசியல்வாதி. 1947-ல் டச்சுப் படைகள் முற்றுகையிட்டிருந்த இந்தோனேசியாவுக்கு விமானத்தில் பறந்து, விடுதலைத் தலைவர் சுதான் ஷாரிரை வெளியே கொண்டுவந்தார். கலிங்கா ஏர்லைன்ஸ் அவருடையது. பாராதீப் துறைமுகம் அவருடைய கனவு. 1961-ல் காங்கிரஸ் முதல்வரானார். 1963-ல் காமராஜர் திட்டத்தின்கீழ் பதவி விலகினார். நெருக்கடி நிலையில் சிறை சென்றார், ஜனதா ஆட்சியில் எஃகுத் துறையைப் பார்த்தார். 1990-ல் ஜனதா தளம் 147 இடங்களில் 123-ஐப் பிடித்தபோது மீண்டும் முதல்வரானார்.

பிஜுவின் மூன்று பிள்ளைகளும் அவர் உயிரோடு இருந்தவரை அரசியல் பக்கம் வரவில்லை. மூத்தவர் பிரேம் தொழிலதிபர். மகள் கீதா மேத்தா ஆங்கில எழுத்தாளர். 2019-ல் மத்திய அரசு பத்மஸ்ரீ அறிவித்தபோது, தேர்தல் நெருங்கும் நேரத்தில் அது தவறாகப் புரிந்துகொள்ளப்படும் என்று மறுத்தவர். கடைக்குட்டி நவீன் டூன் பள்ளியில் படித்தார். வாழ்ந்ததெல்லாம் டெல்லியிலும் வெளிநாடுகளிலும். இந்திய அரச வாழ்க்கையைப் பற்றிய படப் புத்தகங்கள், மூலிகைகளைப் பற்றிய ஒரு நூல் ஆகியவை அவர் எழுதியவை. நியூயார்க்கில் அவருடைய நூலைப் பதிப்பித்துத் தந்தவர் ஜாக்குலின் கென்னடி. ஐம்பது வயதுவரை நவீனுக்கு அரசியல் ஆசை இருந்ததாக யாரும் சொன்னதில்லை.

இறுதிச் சடங்குக்குப் பின்

1997 ஏப்ரல் 17-ல் பிஜு இறந்தார். அவர் வென்றிருந்த அஸ்கா மக்களவைத் தொகுதி காலியானது. ஒடிசா ஜனதா தளத்தில் அப்போது செல்வாக்குள்ள தலைவர்கள் பலர் இருந்தார்கள். ஆளுக்கொரு மாவட்டம் கையில் இருந்தது. ஒருவரை இன்னொருவர் ஏற்க மாட்டார். எல்லோரும் ஒப்புக்கொள்ளக்கூடியது பிஜுவின் பெயர் மட்டும்தான். மகனைக் கொண்டுவந்து முன்னால் நிறுத்தினால் அவர் பொம்மையாக இருப்பார், நாம் ஆளலாம் என்று அவர்கள் கணக்குப் போட்டார்கள். இந்திய அரசியலில் இந்தக் கணக்கு அடிக்கடி போடப்படுகிறது. அடிக்கடி தப்பாகவும் போகிறது.

இடைத்தேர்தலில் நவீன் வென்றார். அந்த ஆண்டு டிசம்பரில் ஜனதா தளத்தை உடைத்துக்கொண்டு, தந்தையின் பெயராலேயே பிஜு ஜனதா தளம் தொடங்கப்பட்டது. பாஜகவோடு கூட்டணி. 1998-ல் வாஜ்பாய் அமைச்சரவையில் இடம். 1999 அக்டோபர் 29-ல் பெரும் சூறாவளி ஒடிசாக் கரையைத் தாக்கி சுமார் 10,000 உயிர்களைக் கொண்டுபோனது. நிவாரணத்தில் தடுமாறிய காங்கிரஸ் அரசின் மீது மக்களுக்கு வெறுப்பு முற்றியது. அடுத்த பிப்ரவரித் தேர்தலில் கூட்டணி 106 இடங்களை அள்ளியது. பிஜுவின் பிறந்த நாளான மார்ச் 5-ல் நவீன் முதல்வரானார்.

அப்போது அவருக்கு ஒடியா பேச வராது. பிறகும் பெரிதாக வரவில்லை. ரோமன் எழுத்தில் எழுதிக்கொடுத்த ஒடியாவை மேடையில் படிப்பார். மொழி அடிப்படையில் 1936 ஏப்ரல் 1-ல் இந்தியாவில் முதலில் பிரிக்கப்பட்ட மாகாணம் ஒடிசாதான். அங்கே மொழி தெரியாத ஒருவர் ஐந்து தேர்தல்களில் அடுத்தடுத்து வென்றார். தமிழ்நாட்டில் இப்படி ஒருவர் ஒரு தேர்தலையாவது தாண்டியிருப்பாரா என்பது சந்தேகம். ஒடிசாவில் இந்தக் குறையே அவருக்குச் சாதகமானது. ஊர்க் கோஷ்டிகளில் சேராதவர், உறவினர் கூட்டம் இல்லாதவர், மனைவி மக்கள் என்று சொத்துச் சேர்க்க வேண்டிய தேவை இல்லாதவர் என்ற பிம்பம் அதிலிருந்து எழுந்தது.

களையெடுப்பு

பொம்மை என்று நினைத்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக வெளியே போனார்கள். முதல் அடி விஜய் மொஹபாத்ராவுக்கு விழுந்தது. கட்சியைக் கட்டியவர்களில் முக்கியமானவர் அவர். 2000 தேர்தலில் வேட்பாளர்களைத் தேர்ந்தெடுத்த குழுவின் தலைவரும் அவரே. பட்குரா தொகுதியில் அவர் மனுத் தாக்கல் செய்துவிட்டார். கடைசி நாளில், கடைசி நேரத்தில் அவருடைய சீட்டைப் பறித்து வேறொருவருக்குக் கொடுத்தார் நவீன். சுயேச்சையாக நிற்கக்கூட அவகாசம் இல்லை. அதன் பிறகு மொஹபாத்ராவால் சட்டமன்றத்துக்குள் நுழைய முடியவில்லை.

நளினிகாந்த மொஹந்தி, திலீப் ராய் என்று பட்டியல் நீண்டது. ஊழல் குற்றச்சாட்டு எழுந்தால் அமைச்சர் உடனே நீக்கப்படுவார். மக்கள் கைதட்டுவார்கள். நீக்கப்பட்டவர் கட்சிக்குள் வளர்ந்துவந்த தலைவராகவும் இருப்பார். ஒரே கல்லில் இரண்டு மாங்காய்.

இந்தக் காலத்தில் நவீனுக்கு வழிகாட்டியவர் பியாரி மோகன் மொஹபாத்ரா. பிஜுவிடம் செயலாளராக இருந்து ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி. 2009-ல் பாஜகவை உதறிவிட்டுத் தனித்து நின்று 103 இடங்களை வென்றதில் அவருக்குப் பெரும் பங்கு இருந்தது. 2012 மே 29-ல் நவீன் லண்டனில் இருந்தபோது, பியாரியின் வீட்டில் எம்.எல்.ஏ.க்கள் கூடினார்கள். ஆட்சியைக் கவிழ்க்கும் முயற்சி என்று செய்தி பரவியது. நவீன் திரும்பி வந்தார். பியாரி வெளியேற்றப்பட்டார். அதன் பிறகு நவீன் நெடுந்தூரப் பயணங்களையே குறைத்துக்கொண்டார்.

2018-ல் பைஜயந்த் பாண்டாவும் தாமோதர் ராவுத்தும் விலக நேர்ந்தது. பாண்டா பாஜகவில் சேர்ந்து 2024-ல் கேந்திரபாடா எம்.பி. ஆனார்.

பெட்டிச் செய்தி: ஆறு தேர்தல்கள்

ஒடிசா சட்டமன்றத்தில் மொத்தம் 147 இடங்கள்.
2000: பிஜு ஜனதா தளம் 68, பாஜக 38 (கூட்டணி)
2004: பிஜு ஜனதா தளம் 61, பாஜக 32 (கூட்டணி)
2009: பிஜு ஜனதா தளம் 103, காங்கிரஸ் 27, பாஜக 6
2014: பிஜு ஜனதா தளம் 117, காங்கிரஸ் 16, பாஜக 10
2019: பிஜு ஜனதா தளம் 112, பாஜக 23, காங்கிரஸ் 9
2024: பாஜக 78, பிஜு ஜனதா தளம் 51, காங்கிரஸ் 14
2014 மக்களவைத் தேர்தலில் மோடி அலை ஒடிசாவிலும் தமிழ்நாட்டிலும் எடுபடவில்லை. நவீன் 21-ல் 20 இடங்களையும், ஜெயலலிதா 39-ல் 37 இடங்களையும் வென்றார்கள். பத்தாண்டு கழித்து ஒடிசாவில் பாஜக 20, காங்கிரஸ் 1, பிஜு ஜனதா தளம் பூஜ்யம்.

புயலும் அரிசியும்

களையெடுப்பை மட்டும் வைத்து ஒருவர் கால் நூற்றாண்டு ஆள முடியாது. நவீன் ஆட்சியின் உண்மையான சாதனை புயல் மேலாண்மை. 1999 சூறாவளிக்குப் பின் அமைக்கப்பட்ட மாநிலப் பேரிடர் ஆணையத்தை அவர் அரசு கைவிடாமல் வளர்த்தது. கடலோரம் நெடுகப் புயல் காப்பகங்கள் கட்டப்பட்டன, மாநிலத்துக்கென்று மீட்புப் படை உருவானது, ஊர்தோறும் தன்னார்வலர்கள் பழக்கப்பட்டார்கள். 2013-ல் ஃபைலின் புயல் கோபால்பூரில் கரையேறியபோது சுமார் 10 லட்சம் பேர் முன்கூட்டியே வெளியேற்றப்பட்டிருந்தார்கள். உயிரிழப்பு ஐம்பதைத் தாண்டவில்லை. 2019 மே 3-ல் பூரியைத் தாக்கிய ஃபானிக்கு முன்பு 12 லட்சம் பேர் நகர்த்தப்பட்டார்கள். 64 பேர் இறந்தார்கள். 1999-ஐ நினைவில் வைத்திருக்கும் கடலோரக் கிராமங்களுக்கு இந்த எண்களின் அருமை தெரியும்.

அடுத்தது அரிசி. 2008-ல் கிலோ 2 ரூபாய், 2013-ல் 1 ரூபாய். காலாஹாண்டி என்றாலே பட்டினிச் சாவு என்று இந்தியப் பத்திரிகைகள் எழுதிவந்த மாநிலம் அது. டெண்டுல்கர் குழுவின் அளவுகோலில் 2004-05-ல் ஒடிசா மக்களில் 57.2 சதவீதம் பேர் வறுமைக் கோட்டின்கீழ் இருந்தார்கள். 2011-12-ல் அது 32.6 ஆனது. நகரங்களில் 5 ரூபாய்க்கு மதிய உணவு தரும் 'ஆகார்' மையங்கள் 2015-ல் வந்தன. அம்மா உணவகத்தை அறிந்த தமிழர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை.

பெண் வாக்காளர்களை அவர் தொடக்கத்திலிருந்தே கவனித்தார். 2001-ல் தொடங்கிய மிஷன் சக்தி, சுமார் 70 லட்சம் பெண்களைச் சுயஉதவிக் குழுக்களுக்குள் கொண்டுவந்தது. 2019 மக்களவைத் தேர்தலில் 21-ல் 7 தொகுதிகளைப் பெண்களுக்குக் கொடுத்தார். ஐவர் வென்றார்கள். தந்தையின் அஸ்காவிலேயே, அதிகம் படிக்காத சுயஉதவிக் குழுத் தலைவி பிரமிளா பிசோயியை நிறுத்தி எம்.பி. ஆக்கினார். ஹாக்கிக்குப் புரவலர் இல்லாத நேரத்தில், 2018 முதல் இந்திய ஆண்கள், பெண்கள் அணிகள் இரண்டுக்கும் ஒடிசா அரசே செலவு செய்தது.

மலையும் சுரங்கமும்

ஒடிசாவின் இரும்புத்தாதும் பாக்சைட்டும் பழங்குடி மக்களின் நிலத்துக்கு அடியில் இருக்கின்றன. முதலீடு வேண்டும் என்று நவீன் கதவைத் திறந்தபோது அடி விழுந்தது அங்கேதான். 2006 ஜனவரி 2-ல் கலிங்கநகரில் எஃகு ஆலைக்கு நிலம் எடுப்பதை எதிர்த்த பழங்குடியினர் மீது போலீஸ் சுட்டதில் 13 பேர் இறந்தார்கள். தென்கொரியாவின் போஸ்கோ நிறுவனத்தோடு 2005-ல் கையெழுத்தான 52,000 கோடி ரூபாய்த் திட்டம், வெற்றிலைக் கொடிக்கால்காரர்களின் எதிர்ப்பில் ஆண்டுக்கணக்காக முடங்கிக் கடைசியில் கைவிடப்பட்டது. நியம்கிரி மலையில் வேதாந்தாவுக்குச் சுரங்கம் தரலாமா என்று கிராம சபைகளே முடிவு செய்யட்டும் என 2013-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 12 கிராம சபைகளும் மறுத்தன.

சட்டவிரோதச் சுரங்கத்தை நீதிபதி எம்.பி. ஷா ஆணையம் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. சீட்டு நிறுவன மோசடியில் பிஜு ஜனதா தளத்தினர் சிலரை சிபிஐ கைது செய்தது. 2008-ல் கந்தமாலில் கிறிஸ்தவர்கள் மீது நடந்த வன்முறையைத் தடுக்க அரசு திணறியது. அதுவே பாஜகவிடமிருந்து அவர் விலகுவதற்கும் வழி அமைத்தது. இத்தனைக்கும் நடுவே நவீன்மீது தனிப்பட்ட ஊழல் கறை ஒட்டவில்லை. தவறு செய்தவர் எப்போதும் கீழே இருப்பவர், முதல்வருக்குத் தெரியாது என்று மக்கள் நம்பினார்கள். அப்படி நம்பவைத்தது அவருடைய பெரிய அரசியல் திறமை. அது பாராட்டா, குற்றச்சாட்டா என்பது கேட்பவரைப் பொறுத்தது.

மூன்றாவது மாடி

தலைவர்கள் ஒழிக்கப்பட்ட இடத்தை அதிகாரிகள் நிரப்பினார்கள். தலைமைச் செயலகத்தில் முதல்வர் அலுவலகம் இருந்தது மூன்றாவது மாடியில். ஒடிசா அரசியலில் 'மூன்றாவது மாடி' என்றாலே அதிகார மையம் என்று பொருள். அமைச்சர்களே காத்திருக்க வேண்டிய இடம். பிறகு அந்த அதிகாரம் பிஜு கட்டிய நவீன் நிவாஸ் வீட்டுக்கு இடம் பெயர்ந்தது.

அங்கேதான் வி.கே. பாண்டியன் வருகிறார். மதுரை மாவட்டத்துக்காரர், 2000-ம் ஆண்டு ஐ.ஏ.எஸ். அணி. முதலில் பஞ்சாபில் பணி. ஒடிசாவைச் சேர்ந்த சக அதிகாரியை மணந்ததால் அந்த மாநிலத்துக்கு மாறினார். மயூர்பஞ்சிலும், முதல்வரின் சொந்த மாவட்டமான கஞ்சாமிலும் ஆட்சியராகப் பெயர் வாங்கினார். 2011-ல் முதல்வரின் தனிச்செயலர் ஆனார். மறு ஆண்டு பியாரி மோகன் வெளியேறியதும் அந்த வெற்றிடம் அவருக்கு வாய்த்தது. பள்ளிகள், மருத்துவமனைகள், பூரி கோயில் சுற்றுப்பாதை என்று '5டி' என்ற அரசுத் திட்டத்தின் பெயரில் நடந்த வேலைகளின் இயக்குநர் அவரே. ஒடியாவைச் சரளமாகப் பேசினார், முதல்வரைவிட நன்றாக.

2023-ல் அரசு ஹெலிகாப்டரில் மாவட்டம் மாவட்டமாகப் போய் அவர் மனு வாங்கியபோது, ஓர் அதிகாரி இப்படிச் செய்யலாமா என்று எதிர்க்கட்சிகள் கேட்டன. அக்டோபரில் விருப்ப ஓய்வு பெற்றார். உடனே அமைச்சருக்கு இணையான பதவி கிடைத்தது. நவம்பர் 27-ல் கட்சியில் சேர்ந்தார். 2024 தேர்தலில் கட்சியின் முதன்மைப் பிரசாரகரும் வேட்பாளர் தேர்வின் கடிவாளமும் அவரே. இருபது ஆண்டுகள் உழைத்த உள்ளூர்த் தலைவர்கள் ஓரத்தில் நின்று பார்த்தார்கள்.

பாஜகவுக்கு இது கைக்கு வந்த ஆயுதம். அதுவரை டெல்லியில் நவீன் பாஜகவுக்கு வேண்டியவராகவே நடந்துகொண்டார். காஷ்மீர் சிறப்புத் தகுதி நீக்கத்தை ஆதரித்தார். அஷ்வினி வைஷ்ணவ் மாநிலங்களவைக்குப் போக இருமுறை உதவினார். தன் பழைய அமைச்சரவையில் இருந்த திரௌபதி முர்மு குடியரசுத் தலைவராக வாக்களித்தார். மீண்டும் கூட்டணி என்ற பேச்சு 2024 மார்ச்சில் முறிந்தது. அதன் பிறகு பிரசாரத்தின் மையச் சொல் 'ஒடியா அஸ்மிதா', அதாவது ஒடியா தன்மானம். தமிழ் அதிகாரியிடம் மாநிலத்தை ஒப்படைக்கப்போகிறீர்களா என்று அமித் ஷா கேட்டார். பூரி ஜெகந்நாதர் கோயிலின் கருவூலமான ரத்ன பண்டாரின் சாவி காணாமல் போன விவகாரம் 2018-லேயே வெடித்தது. அந்தச் சாவி தமிழ்நாட்டுக்குப் போய்விட்டதாகப் பிரதமர் மோடி பேசினார். தமிழர்களைத் திருடர்களாகக் காட்டுவதா என்று மு.க. ஸ்டாலின் கண்டித்தார்.

மேடையில் நடுங்கிய நவீனின் கையைப் பாண்டியன் மறைத்துப் பிடித்ததாகச் சொல்லப்பட்ட ஒரு காணொளி சமூக ஊடகங்களில் ஓடியது. முதல்வரின் உடல்நிலையில் சதி இருக்கிறதா என்று விசாரிக்கக் குழு அமைப்போம் என்றும் மோடி சொன்னார். முடிவுகள் வந்த பிறகு, ஜூன் 8-ல், பாண்டியன் வாரிசு இல்லை என்று நவீன் தெளிவாகச் சொன்னார். மறுநாள் ஜூன் 9-ல் பாண்டியன் தீவிர அரசியலிலிருந்து விலகினார்.

தமிழர் என்பதால் அவர் எதிர்க்கப்பட்டார் என்பது உண்மை. ஆனால் அது பாதிதான். கட்சிக்குள் தலைவர்கள் எஞ்சியிருந்தால், அந்நியர் என்ற பேச்சு இவ்வளவு தூரம் எடுபட்டிருக்காது. விஜய் மொஹபாத்ராவின் சீட்டைப் பறித்த நாளிலிருந்து நவீன் தனக்குப் பின்னால் யாரும் நிற்காதபடி பார்த்துக்கொண்டார். வாரிசு என்ற முறையில் வந்தவர், வாரிசே இல்லாத கட்சியை நடத்தினார்.

பெட்டிச் செய்தி: தோல்வியின் கணக்கு

2022 ஊராட்சித் தேர்தலில் மாவட்டக் குழுக்களின் 850-க்கும் மேற்பட்ட இடங்களில் 766 பிஜு ஜனதா தளத்துக்கு. பாஜகவுக்கு 42.
இரண்டே ஆண்டில் ஆட்சி போனது. அப்போதும் சட்டமன்ற வாக்குவீதம்: பிஜு ஜனதா தளம் 40.22, பாஜக 40.07. அதிக வாக்கு வாங்கிய கட்சி எதிர்வரிசையில் அமர்ந்தது.

பதவி போன பின்

2024 ஜூன் 12-ல் கியோஞ்சரைச் சேர்ந்த பழங்குடித் தலைவர் மோகன் சரண் மாஜி முதல்வரானார். ஒடிசாவின் முதல் பாஜக முதல்வர். நவீன் அந்த விழாவுக்குச் சென்று மேடையில் அமர்ந்தார். இந்தப் பண்பை எதிர்க்கட்சியினரும் பாராட்டினார்கள். மறுநாளே புதிய அரசு பூரி கோயிலின் நான்கு வாசல்களையும் திறந்தது. ஜூலையில் ரத்ன பண்டார் பல ஆண்டுகளுக்குப் பின் திறக்கப்பட்டது. செப்டம்பரில் பெண்களுக்கு ஐந்தாண்டில் 50,000 ரூபாய் தரும் சுபத்ரா திட்டம் வந்தது. மிஷன் சக்தி கட்டிவைத்த வாக்கு வங்கியையே அது குறிவைத்தது.

எதிர்க்கட்சித் தலைவராக நவீன் முன்பைவிட அதிகம் பேசினார். கட்சி மட்டும் கரைந்தது. மாநிலங்களவை உறுப்பினர்கள் மமதா மொஹந்தாவும் சுஜித் குமாரும் சில மாதங்களில் விலகி பாஜகவுக்குப் போனார்கள். 2025 ஏப்ரலில் வக்ஃப் மசோதாவை எதிர்ப்பதாகச் சொன்ன கட்சி, வாக்கெடுப்புக்குச் சற்று முன் மனசாட்சிப்படி வாக்களிக்கலாம் என்று உறுப்பினர்களை விட்டுவிட்டது. இந்த முடிவை எடுத்தது யார் என்று மூத்தவர்களே வெளிப்படையாகக் கேட்டார்கள். பதவியில் இல்லாத பாண்டியன் பெயர் மறுபடி அடிபட்டது. அதே மாதம் நவீன் ஒன்பதாவது முறையாகக் கட்சித் தலைவரானார். போட்டியிட யாரும் இல்லை. ஜூனில் மும்பையில் அவருக்கு முதுகெலும்பு அறுவை சிகிச்சை நடந்தது.

செப்டம்பரில் நுவாபாடா எம்.எல்.ஏ. ராஜேந்திர டோலாக்கியா இறந்தார். பிஜு ஜனதா தளத்தின் பழைய தலைவர் அவர். அவருடைய மகன் ஜெய், தந்தையின் கட்சியில் நிற்காமல் பாஜகவில் சேர்ந்தார். நவம்பர் இடைத்தேர்தலில் 83,000-க்கும் அதிகமான வாக்கு வித்தியாசத்தில் வென்றார். காங்கிரஸ் இரண்டாவதாக வந்தது. தொகுதியைக் கையில் வைத்திருந்த பிஜு ஜனதா தளம் மூன்றாவது இடத்துக்குப் போனது.